ஃபோர்மேனின் கிழங்குகள்

அந்த வாரம் எங்கள் கேன்டீனில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்று முதல் நாள் சொன்னார்கள். சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். அரிசி மூட்டைகளை நகர்த்திப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் நாற்றம் இன்னும் கூடி, தொழிற்சாலையின் பின்பக்கத்து மணல் கொட்டகை வரைக்கும் பரவியது. எலியாக இருக்காது, நாயாகத்தான் இருக்கும் என்று பேச்சு மாறியது. வார்ப்புப் பிரிவில் வேலை செய்த ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாற்றம் வந்த திசையிலேயே நடந்துபோய், கொட்டகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"டேய், இங்க வந்து பாருங்கடா! இன்னாவோ மொளைச்சிகினு கீது!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். உடைந்துபோன மோல்டிங் பாக்ஸ்கள், அதாவது மண்ணை இறுக்கி அச்சு எடுக்கிற இரும்புச் சட்டங்கள், சுவரோரமாக வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஆற்றுமணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பியிருந்தது. அவற்றில் ஒன்றின் நடுவில், இலையும் இல்லாமல் கிளையும் இல்லாமல், மண்ணைப் பிளந்துகொண்டு ஒரே ஒரு பூ நின்றது. முழங்கால் உயரம். ஆட்டு ஈரலின் நிறத்தில் மடிந்து விரிந்த ஒரே இதழ். நடுவில் மழுங்கிய ஒரு தண்டு. ஈக்கள் அதன்மேல் அப்பிக் கிடந்தன. பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு எங்கள் ஃபோர்மேன் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்றத்துக்கு நடுவில் அவர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பதினாறு வருஷம் கழிச்சி இப்பத்தான் பூத்துக்கீதுப்பா. ரெண்டு நாள் பொறுத்துக்கங்க, நாத்தம் தானா போயிடும்" என்றார். ஏதோ வீட்டு விசேஷத்தால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்பதுபோல அவர் குரலில் ஒரு சங்கடம் இருந்தது. சொன்னபடியே இரண்டு நாளில் நாற்றம் போயிற்று. பூவும் சரிந்து, நைந்து, மண்ணோடு போயிற்று.

நான் அங்கே டைம் ஆபீஸ் குமாஸ்தா. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்க்கிற நடுத்தரமான தொழிற்சாலை அது. தொழிலாளர்களின் வருகை அட்டைகளைப் பெயர்வாரியாக மரச்சட்டத்தில் செருகி வைப்பதும், யார் எத்தனை மணிக்கு வந்தார் போனார் என்று பார்ப்பதும் என் வேலை. என் அப்பா செம்பரம்பாக்கம் ஏரிப்பாசனத்தில் பிறர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் நான். கல்யாணமாகி முத்தாபுதுப்பேட்டையில் வாடகைக்குக் குடியிருந்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் மனு எழுதத் தெரியும் என்பதால் தொழிலாளர் சங்கத்தில் என்னைச் செயலாளராகப் போட்டிருந்தார்கள். அந்தப் பதவி எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே ஒரு பயமும் இருந்தது. டைம் ஆபீஸில் இருப்பவன் பாதி மேனேஜ்மென்ட் ஆள் என்று சிலர் என் காதுபடவே சொல்வார்கள்.

ஃபோர்மேன் ஆவடிக்காரர். புராட்டஸ்டன்ட் குடும்பம். எல்லோரும் கத்திப் பேசுகிற இடத்தில் அவர் மட்டும் மெல்லப் பேசுவார். அதனால் அவர் பேசினால் மற்றவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுக் கிட்டே வருவார்கள். அவருடைய வீடு மாடிப் போர்ஷன். சுற்றிலும் சிமெண்ட் தரை, ஒரு தொட்டி வைக்கவும் வீட்டுக்காரர் விடமாட்டார். ஆகவே செடிகளைத் தொழிற்சாலையின் பின்பக்கம் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தார். பூ வந்த அந்த வாரத்துக்குப் பிறகுதான் நான் அவரோடு நின்று பேச ஆரம்பித்தேன். மதியச் சாப்பாடு முடிந்து மணி அடிக்கிறவரைக்கும் கால்மணி நேரம் இருக்கும். அதை மணல் கொட்டகைக்குப் பின்னால் கழிப்பது இருவருக்கும் வழக்கமாகிவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் அந்தமானில் சாலை போடும் வேலையில் புல்டோசர் ஓட்டியிருக்கிறார். காட்டைத் தள்ளிக்கொண்டு போனபோது புரட்டிப்போட்ட மண்ணில் ஒரு கிழங்கு கிடந்திருக்கிறது. நம் ஊர்ச் சேனைக்கிழங்கு மாதிரிதான், ஆனால் தோல் சிவப்பு. சமைக்கலாம் என்று கூடாரத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார். வெட்டக் கத்தியைத் தேடி எடுப்பதற்குள் மனம் மாறிவிட்டதாம். ஏன் என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. அதைத் துணிப்பையில் போட்டுக் கப்பலில் கொண்டுவந்துவிட்டார். பல வருடம் கழித்து ஒரு கல்லூரியின் தாவரவியல் பேராசிரியரிடம் இலையைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவர் நூல்களைப் புரட்டி, தீவுகளுக்கு எழுதி விசாரித்து, அந்தச் சரிவு முழுவதையும் இப்போது சாலையும் குடியிருப்பும் எடுத்துக்கொண்டுவிட்டன, இந்த வகை வேறெங்கும் இருப்பதாகத் தகவல் இல்லை என்று கடிதம் போட்டிருந்தார். அந்தக் கடிதத்தை ஃபோர்மேன் என்னிடம் காட்டினார். "நான் ஓட்டுன வண்டிதான் அதுங்க மேல ஏறிச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தச் செடி விதை தராது. அதாவது, ஒரே நேரத்தில் இரண்டு செடிகள் பூத்தால்தான் விதை பிடிக்கும், அது அவரிடம் நடக்கவே இல்லை. மிஞ்சிய வழி பக்கக்கிழங்கு ஒன்றுதான். தாய்க்கிழங்கின் தோளில் சில வருடங்களில் ஒரு மொட்டு புடைக்கும். பட்டாணி அளவில் தொடங்கி நெல்லிக்காய் அளவுக்கு வரும். பல வருடங்கள் ஒன்றுமே வராது. சித்திரையில் முளைவிட்டு, கோடைமழைக்கு ஒற்றைத் தண்டில் குடைபோல ஒரே இலை விரித்து, மார்கழி முடிவில் மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். தண்டு வாடித் தானாகக் கழன்ற பிறகு, தை மாதத்தில் அவர் மண்ணைக் கையால் விலக்கிக் கிழங்கை எடுப்பார். கத்தி, கரண்டி எதுவும் தொடமாட்டார். ஈர மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து நீக்கி, பக்கக்கிழங்கின் இடுக்கில் விரலை வைத்து லேசாக ஒரு அழுத்து அழுத்துவார். பக்குவம் வந்திருந்தால் சின்னச் சத்தத்தோடு கையில் விழும். வராவிட்டால் அப்படியே விட்டுவிடுவார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்துனா வந்துடும் போலக்கீதே சார்" என்று ஒருமுறை சொன்னேன்.

"வரும். புடிச்சி இஸ்தா எல்லாம்தான் வரும். அப்பறம் காயம் ஆறாது, ரெண்டும் அழுவிப்பூடும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்பா" என்றார்.

பிரிந்த இடத்தில் விறகுச் சாம்பலைப் பூசி, நிழலில் ஒரு வாரம் உலரவிட்டு, காய்ந்த மணல் நிரப்பிய மரத்தட்டில் புதைத்து வைப்பார். சித்திரை வரைக்கும் அவை அப்படியே கிடக்க வேண்டும். தண்ணீர் படக்கூடாது, வெயில் கூடாது, எலி வரக்கூடாது. அதற்கு அவர் கண்டுபிடித்த இடம் பேட்டர்ன் ஸ்டோர். மண்ணில் பதித்து அச்சு எடுக்கிற மர உருவங்களைப் பேட்டர்ன் என்போம். தொழிற்சாலையின் உயிரே அவைதான். அவை இல்லாவிட்டால் ஒரு சாமானையும் வார்க்க முடியாது. அந்த ஸ்டோரின் மேல்தட்டில், மர உருவங்களுக்கு நடுவில், கிழங்குத் தட்டுகள் மூன்று மாதம் இருக்கும். தாய்க்கிழங்கும் அதன் வழியாக வந்தவையுமாக மொத்தம் ஏழு இருந்தன. பதினெட்டு பத்தொன்பது வருடத்துக்கு அவ்வளவுதான். அடுத்த சித்திரையில் அவற்றில் இரண்டைக் கல்லூரித் தோட்டத்துக்குத் தருவதாகப் பேராசிரியருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

பூ வந்து மூன்றாவது வருடம், அந்தத் தை மாதத்தில்தான் வேலைநிறுத்தம் வந்தது. உலைப்பக்கம் கவச உடை கேட்டுச் சத்தம்போட்ட இரண்டு பேரை நிர்வாகம் சஸ்பெண்டு செய்தது. நாங்கள் வெளியே வந்தோம். ஒரு வாரத்தில் நிர்வாகம் கதவடைப்பு அறிவித்தது. முன்வாசலுக்கு எதிரே கீற்றுப் பந்தல் போட்டு, முறைவைத்து உட்கார்ந்தோம். ஃபோர்மேன் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. அவர் நிர்வாக ஊழியர். கூப்பிட்டால் உள்ளே போக வேண்டியவர். ஆனாலும் அவர் போகவில்லை. ஆள் இல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிட்டார். எங்கள் ஆட்கள் அதை மதித்தார்கள்.

இரண்டு மாதம் போனதும் பந்தலில் பேச்சு மாறியது. நாங்கள் எடுக்கிற முடிவெல்லாம் உள்ளே முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, கமிட்டியில் யாரோ ஒருவன் சொல்கிறான் என்று கிளம்பியது. யார் பெயரையும் சொல்லவில்லை. நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, மாலையில் எல்லோருக்கும் கடைசியாகப் போக ஆரம்பித்தேன்.

பங்குனி முடிகிற நேரம். சங்கத் தலைவரும் மற்றவர்களும் லேபர் ஆபீஸில் பேச்சுவார்த்தைக்காக நகரத்துக்குப் போயிருந்தார்கள். பந்தலில் நான் மட்டும் இருந்தேன். பதினோரு மணி இருக்கும். ஃபோர்மேன் சைக்கிளில் வந்து இறங்கினார். கேரியரில் ஒரு காலிச் சாக்கு மடித்து வைத்திருந்தது.

"உள்ள போய் கெழங்க எட்த்துகினு வந்துட்ரேன்பா. மொளை வர்ற நேரம். இப்ப மண்ணுல வெக்கலன்னா வெம்பிடும். ஊட்டுக்காரர் கைல கால்ல உழுந்து மாடில நாலு தொட்டிக்கு எடம் கேட்டுக்கீறேன். வாட்ச்மேன் உட்ருவான். ஆனா உங்கள கேக்காம போனா நல்லா இருக்காது" என்றார்.

அவர் கேட்க வேண்டியதில்லை. கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"போய்ட்டு வாங்க சார். நம்ம ஆளுங்க வந்தா நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

அவர் சைக்கிளைப் பந்தல் காலில் சாய்த்துவிட்டு, சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வாட்ச்மேன் சின்னக் கதவைத் திறந்துவிட்டு மூடினான். அவர் உள்ளே போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, தலைவரும் ஆட்களும் திரும்பிவிட்டார்கள். நிர்வாகத் தரப்பில் யாரும் வராததால் பேச்சுவார்த்தை நடக்கவில்லை. அந்தக் கோபத்தோடு அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே டீக்கடைக்காரர் எதிர்கொண்டு போய்ச் சேதி சொல்லிவிட்டார். விடிந்ததும் பின்வாசல் வழியாக ஒரு லாரி போயிருக்கிறது. தேவையான பேட்டர்ன்களை மட்டும் பொறுக்கி ஏற்றி, தார்ப்பாய் மூடி, திருமழிசைப் பக்கம் வேறொரு பட்டறைக்கு. இனி எங்கள் வேலையை அங்கே வைத்துச் செய்துகொள்ளலாம், நாங்கள் பந்தலிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

"இன்ன பேட்டர்ன் இன்ன சாமானுக்குன்னு அந்த மேனேஜருக்கு இன்னா தெரியும்? தெரிஞ்ச ஆள் எவனோ எட்த்துக் குட்த்துக்கீறான்" என்று தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லி முடிக்கும்போது சின்னக் கதவு திறந்தது. ஃபோர்மேன் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து, வெளியே வந்தார்.

முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். எல்லோரும் எழுந்தார்கள். அவர் ஒன்றும் தெரியாமல் பந்தலைப் பார்த்துத்தான் நடந்து வந்தார். சைக்கிள் அங்கேதானே இருந்தது.

"எங்க போய்ட்டு வர்ற நைனா?" என்றார் தலைவர். அதுவரை அவரை யாரும் ஒருமையில் பேசியதில்லை.

"பேட்டர்ன் ஸ்டோருக்கு. என் கெழங்கு கொஞ்சம்..."

பேட்டர்ன் ஸ்டோர் என்ற வார்த்தைக்குமேல் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. வார்ப்புப் பிரிவு ஆள் ஒருவன், நான்கு வருடம் அவருக்குக் கீழே வேலை பழகியவன், முன்னால் வந்து அவர் இடது கன்னத்தில் அறைந்தான். வருடக்கணக்கில் சம்மட்டி பிடித்த கை. அவர் பக்கவாட்டில் சைக்கிளின்மேல் சாய்ந்து, சைக்கிளோடு விழுந்தார். சாக்கு அவிழ்ந்து கிழங்குகள் மண்ணில் உருண்டன. "இதான் சாக்கா, கெழங்கு எட்க்க வந்தானாம்" என்று ஒருவன் சொன்னான். யாரோ ஒருவன் மிதித்தான். பிறகு இரண்டு மூன்று பேர் மிதித்தார்கள். பெரிய கிழங்கு, ஒரு சின்னப் பூசணி அளவு இருக்கும், செருப்புக்காலில் இரண்டாகப் பிளந்து உள்சதை வெளியே தெரிந்தது. இளஞ்சிவப்பு. அதன் தலையில் முளை ஒரு விரல் நீளத்துக்கு வந்திருந்தது.

"உன்ன யார் உள்ள உட்டது? யார கேட்டு போன?" என்றார் தலைவர்.

ஃபோர்மேன் எழுந்து நின்றார். இடது காதைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் அவருக்கு மூன்றடி தூரத்தில், பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை, கெஞ்சவில்லை. நான் பேசப்போகிறேன் என்று காத்திருக்கிற பார்வை அது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதற்குள் நான் பேசப்போவதில்லை என்பதை என் முகத்தில் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

"யாரும் உடல. நானேதான் போனேன்" என்றார்.

பயத்தினால்தான் பேசவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் வாயைத் திறந்திருந்தால் உள்ளே சேதி சொல்கிற ஆள் இவன்தான் என்று அன்றைக்கே முடிவாகியிருக்கும், அது உண்மை. ஆனால் அந்த நிமிடத்தில் பயம்கூட இருந்ததாக ஞாபகமில்லை. கை மரத்துப்போனால் அது நம் கைதான் என்று கண்ணுக்குத் தெரியும், ஆனால் தூக்க வராது. வாய் அப்படி இருந்தது. அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். சைக்கிளின் கைப்பிடி திருகியிருந்தது. முன்சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் பிடித்து நிமிர்த்தினார். கிழங்குகளை ஒருமுறை பார்த்தார், குனிந்து எதையும் எடுக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஆவடி ரோட்டில் போனார். ஏறி ஓட்டவில்லை.

மதியம் பந்தலைப் பெருக்கும்போது பெஞ்சின் காலடியில் ஒரு பக்கக்கிழங்கு கிடப்பதைப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவு, தோலில் கீறலில்லை. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மீதியைத் துடைப்பத்தால் கூட்டிச் சாக்கடையோரம் தள்ளினேன். மிதித்தவர்களில் ஒருவனுக்கு அந்தச் சாறு பட்டு இரண்டு நாள் கால் அரித்தது. அதைச் சொல்லிப் பந்தலில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த ஒரு மாதத்தில் சமரசமாகி உள்ளே போனோம். பேட்டர்ன்கள் லாரியில் திரும்பி வந்தன. எது எந்தச் சாமானுக்கு என்ற பட்டியல் மேனேஜரின் மேஜையிலேயே வருடக்கணக்காக இருந்தது என்பதும், அதைப் பார்த்துத்தான் ஏற்றினார்கள் என்பதும், ஃபோர்மேனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. "பாவம், தெரியாம நடந்துபோச்சி" என்றார் தலைவர். அறைந்தவன் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு, ஆவடிக்குப் போய் அவர் காலில் விழுந்துவிட்டு வந்தான். அவனால் அது முடிந்தது. நான் அன்றைக்கும் எதுவும் சொல்லவில்லை. ஃபோர்மேன் திரும்பி வரவில்லை. ராஜினாமாக் கடிதம் தபாலில் வந்தது. அவருடைய வருகை அட்டையை மரச்சட்டத்திலிருந்து எடுக்க வேண்டியது என் வேலை. எடுத்தேன். காலியான இடத்துக்குக் கீழிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக மேலே நகர்த்திச் செருகினேன்.

கிழங்கை வீட்டின் பின்பக்கம் ஒரு பெயின்ட் டப்பாவில் நட்டேன். டப்பாவின் அடியில் ஓட்டை போட்டது, ஆற்றுமணல் கலந்தது, எல்லாம் அவர் செய்ததைப் பார்த்து வைத்திருந்த ஞாபகம்தான். அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோடைமழை பெய்து பத்து நாளில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு இலை வந்தது. "இது இன்னா செடி?" என்று என் மனைவி கேட்டாள். ஆபீஸில் கொடுத்தது என்றேன். தையில் எடுத்து, சாம்பல் பூசி, மணலில் வைத்து, சித்திரையில் திரும்ப நட்டேன். ஒரு வருடம் மழைத்தண்ணீர் நின்று கிழங்கின் ஒரு பக்கம் அழுகியது. அழுகினதைச் சுரண்டிக் காயவைத்துக் காப்பாற்றினேன். குழந்தைகள் பிறந்தன, அப்பா இறந்தார், வாடகை வீட்டிலிருந்து அதே தெருவில் சொந்த வீட்டுக்குப் போனோம். இதில் எதைப் பற்றி நினைத்தாலும் எனக்குத் தனியாக ஒரு உணர்ச்சியும் வருவதில்லை. இலை வந்தது, போனது என்று கணக்குச் சொல்ல முடியும். எட்டாவது வருடம் தையில் மண்ணை விலக்கியபோது தாய்க்கிழங்கின் தோளில் ஒரு பக்கக்கிழங்கு இருந்தது. விரலை வைத்தேன். வரவில்லை. மூடிவிட்டேன். ஒன்பதாவது வருடம் விரல் பட்டதும் கையில் விழுந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். பூந்தமல்லியில் ஒரு சின்னப் பட்டறையில் மேற்பார்வை வேலை பார்க்கிறார், வீடும் அங்கேதான் என்று விசாரித்து வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். பங்குனி வெயில். ஆவடியில் பஸ் ஏறியதிலிருந்து சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி. நான் யார் என்று சொன்னதும், "டைம் ஆபீஸ் தம்பியா? வாங்க வாங்க. உங்களப் பத்தி சொல்லிக்கினே இருப்பாரு" என்றார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குப் புரியவில்லை. ஃபோர்மேன் வராண்டாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பிரித்தார். கிழங்கை உள்ளங்கையில் வைத்து, சிவந்த தோலைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார். பிறகு அதைத் திருப்பி, தாயிடமிருந்து பிரிந்த தழும்பை வெகுநேரம் பார்த்தார்.

"எங்கப்பா கெடச்சிது?" என்று முழுதாக என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அன்னிக்கு ஒண்ணு பெஞ்சுகிட்ட கெடந்துச்சி சார். எட்த்துகினு போய் வெச்சேன். இது அதோட கொழந்த."

"தானா வந்துச்சா, புடிச்சி இஸ்தியா?"

"தானாத்தான் சார். போன வருஷம் வரல. உட்டுட்டேன்."

தலையை ஆட்டினார். அவர் கண் கலங்கியதா என்று என்னால் சொல்ல முடியாது, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எல்லாம் போச்சின்னு அந்தப் புரொபசருக்கு எழுதிட்டேன். மறுபடி எழுதணும்" என்றார். அவருடைய மனைவி உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். வராண்டாவில் நாங்கள் இருவர்தான். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தெரிந்தது. தரையைப் பார்த்தபடியே, பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததை அப்படியே சொன்னேன். அன்று உங்களை உள்ளே அனுப்பியது நான்தான், அதை அவர்களிடம் சொல்லாமல் நின்றேன், உங்களை அடித்த பிறகும் சொல்லவில்லை, உண்மை தெரிந்த பிறகும் சொல்லவில்லை, என்னை மன்னித்துவிடுங்கள் சார் என்று மெதுவாக, ஆனால் ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தேன். சொல்லிவிட்டு நிமிர்ந்தேன்.

அவர் கிழங்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் முகம் தன் பக்கம் திரும்பியதைக் கண்டு, நான் ஏதோ பேசியிருக்கிறேன் என்று உணர்ந்தவராகத் தலையைத் திருப்பினார்.

"இன்னாப்பா சொன்ன? இந்தாண்ட வந்து சொல்லு. அந்தக் காது கேக்கறதில்ல. அப்பத்துலேர்ந்தே" என்றார்.

எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன். அவர் கேட்பதற்கு வசதியாகத் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார். காதுமடலில் நரைமுடி இருந்தது.

"ஒண்ணுமில்ல சார். வெயில் ஜாஸ்தியா கீதுன்னு சொன்னேன்" என்றேன்.

"ஆமா, இந்த வருஷம் ஜாஸ்திதான்" என்றார்.

தேநீர் வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினேன். ஒரு மாதம் கழித்து ஒரு போஸ்ட்கார்டு போட்டிருந்தார். கிழங்கைக் கல்லூரித் தோட்டத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டதாகவும், பேராசிரியர் ஓய்வு பெற்ற பிறகும் அதற்காகவே நேரில் வந்திருந்ததாகவும், தன்னிடம் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை, உன்னிடம்தான் தாய் இருக்கிறதே என்றும் எழுதியிருந்தார். அதற்கு நான் பதில் போடவில்லை. அதற்குச் சில வருடங்கள் கழித்து அவர் இறந்தார். அடக்கத்துக்குப் போனேன். பாடல் பாடினார்கள், ஜெபம் செய்தார்கள், மண் போடச் சொன்னார்கள், போட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தேன்.

இப்போது அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த கட்டடம் ஒன்று நிற்கிறது. பந்தல் போட்ட இடத்தில் அங்கே வேலை பார்க்கிறவர்களின் வண்டிகளை நிறுத்துகிறார்கள். போன வாரம் அந்த வழியாகப் பஸ்ஸில் போனபோது, அவர் என்னைப் பார்த்துக் காத்திருந்த நேரம் எவ்வளவு இருக்கும் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஐந்து விநாடி இருக்கலாம். "நான்தான் போகச் சொன்னேன்" என்று சொல்ல இரண்டு விநாடி போதும். பஸ்ஸில் உட்கார்ந்தபடி அதை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பி, "என்னங்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.